அன்னத்துக்கு ஏது கை

இதை எங்கேயாவது மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம் முத்திருளாயிக்கு இன்றைக்கும் உண்டு. ஊசி போட வரும் நர்சம்மாவோ, கரி ஏற்ற வரும் லாரி டிரைவரோ, "ஏம்மா, பொழுது சாஞ்சா வாய் நெறையத் தண்ணிய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களாமே, என்ன நேத்திக்கடனா?" என்று கேட்டால், முதலில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வாள், பிறகு தெருவை இரண்டு பக்கமும் பார்ப்பாள், பிறகு, "நான் ஆறாப்போட நின்னவ, முன்னப்பின்ன இருந்தா நீங்கதான் சரிபண்ணிக்கிடணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். ஒரு கதையைத் தப்பாகச் சொன்னால் அது யார் தலையில் போய் விடியும் என்பதைக் கண்ணால் கண்டவள் அவள்.

கூரான்குடியில் எங்கே குழாய் இறக்கினாலும் உப்புத் தண்ணீர்தான் வரும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு, கருவேலங்காட்டைத் தாண்டி, காய்ந்து கிடக்கும் ஆற்றுக்குப் போய், மணலில் ஆள் ஆழத்துக்குத் தோண்டிய ஊற்றுக்குழிக்குள் இறங்கி, அடியில் கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் வழித்து வழித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். ஊற்றுக்கென்று ஊர்க் கட்டுப்பாடுகள் உண்டு. வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும்; ஆனால் ஒருத்தி வைத்த குடத்தை இன்னொருத்தி நகர்த்தக் கூடாது. குழிக்குள் ஆள் இருக்கும்போது கரை விளிம்பில் யாரும் நிற்கவே கூடாது. நின்றால் ஊர்ப் பெரியவர் கருப்பையா மாமாவின் வசவைக் கேட்க வேண்டிவரும், அவர் வசவைக் கேட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த ஊரில்தான், மாலை ஏழரைக்கு, எல்லா வீட்டிலும் நீலமாலினி ஓடிக்கொண்டிருந்தது.

நீலமாலினி ஒரு இளவரசி. ஒரு முனிவரின் சாபத்தால் பொழுது சாய்ந்தால் அன்னமாகிவிடுவாள், விடிந்தால்தான் பெண். அவளுக்குக் கனகமாலினி என்று ஒரு தங்கை. அரண்மனையின் வடக்கு வாசலுக்கு வெளியே ஒரு அரக்கன் காத்துக்கொண்டிருந்தான். அந்த வாசலுக்கு இரும்புத் தாழ்ப்பாள், நாலு காவல்காரர்கள் தோள்கொடுத்துத்தான் அதைத் தூக்க முடியும், அதன் பூட்டுச் சாவி மந்திரியின் இடுப்பில் கிடக்கும். இதையெல்லாம் முதல் வாரத்திலேயே காட்டிவிட்டார்கள். காட்டியதை அவர்களே மறந்துபோனாலும் முத்திருளாயி மறக்கவில்லை.

அவளுக்கு அது ஒரு வியாதி மாதிரி. கரிமூட்டத்தில் சூடாறிய கரியைச் சாக்கில் அள்ளிப் போடும்போது மற்றப் பெண்கள் முந்தின நாள் கதையைச் சொல்லிச் சொல்லி அழுவார்கள், இவள் மட்டும் சந்தேகம் கேட்பாள். சண்டைக்குப் போனபோது சிவப்புச் சேலை, சண்டையிலிருந்து வந்தபோது பச்சைச் சேலை, நடுவிலே எங்கே மாற்றினாள்? பகலெல்லாம் அத்தனை காவல்காரன் நிற்கிறானே, ராத்திரியானால் அத்தனை பேரும் எங்கே போய்த் தொலைகிறான்?

"ஒனக்கு எதுலயாச்சும் நொட்டை சொல்லாட்டித் தூக்கம் வராதே," என்பாள் பஞ்சவர்ணம். சென்னையில் வீட்டு வேலை பார்த்துவிட்டு வந்தவள், சினிமாக்காரர் வீட்டிலேயே வேலை பார்த்தவள் என்பதால் அவள் பேச்சுக்கு ஊரில் ஒரு எடை இருந்தது. "கதைன்னா அப்பிடித்தான் இருக்கும். ஒன்னைய மாதிரி நாலு பேரு இருந்தா ஒருத்தனும் கதை எழுத மாட்டான்."

பங்குனி மாதத்தில் ஒருநாள், நடுச்சாமத்தில் வடக்கு வாசல் திறந்துகிடந்ததாகவும், அரக்கன் உள்ளே வந்து கனகமாலினியைக் கொன்றுவிட்டுப் போனதாகவும் காட்டினார்கள். விடிந்ததும் நீலமாலினி பெண்ணாகி வந்து, தங்கையை மடியில் போட்டுக்கொண்டு, "வாசலைத் திறந்தவள் நான்தான், உன்னைக் கொன்றவள் நான்தான்" என்று கதறினாள். முத்திருளாயிக்கு உச்சந்தலையில் யாரோ குட்டியது போல் இருந்தது. நடுச்சாமத்தில் அவள் அன்னமல்லவா, அன்னத்துக்கு ஏது கை என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் நீலமாலினியின் கன்னத்தில் வழிந்த தண்ணீர் கன்னத்தோடு நிற்காமல், டிவியின் கீழ்விளிம்பைத் தாண்டி இறங்கி, அதை வைத்திருந்த மர ஸ்டூலில் சொட்டி, ஸ்டூலிலிருந்து தரைக்கு ஓடியது. கரண்டு அடித்துவிடப்போகிறதே என்று பதறி, சொல்ல வந்ததைச் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஒரு சருவச்சட்டியை எடுத்துவந்து அடியில் வைத்தாள். அவள் புருசன் நாகநாதன் விரலை விட்டுத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"நல்ல தண்ணிடி," என்றான்.

எல்லா வீட்டிலும் அப்படித்தான் வந்திருந்தது, மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. கண்ணீர் என்றால் உப்புக் கரிக்க வேண்டாமா என்று முத்திருளாயி கேட்டதற்கு, "அது கிளிசரினு, கண்ணுல ஊத்திக்கிட்டு அழுவாக, இனிக்கத்தான் செய்யும்" என்று பஞ்சவர்ணம் தீர்த்துவைத்தாள். அதன்பிறகு ஊர் அதைப் பற்றி ஆச்சரியப்படுவதை விட்டுவிட்டு ஆக வேண்டியதைப் பார்த்தது. சுவரில் மாட்டிய தட்டை டிவியில் தண்ணீர் படலமாக வழிந்து வீணாகிறது, பழைய பெட்டி டிவியில்தான் தாரையாக விழுகிறது என்று கண்டுபிடித்து, ஆட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த பெட்டி டிவிகளையெல்லாம் துடைத்து வீட்டுக்குள் கொண்டுவந்தார்கள். விளம்பரத்தில் தண்ணீர் நிற்கும், அந்நேரம் நிறைந்த குடத்தை எடுத்து வெறுங்குடத்தை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தொடர் கிடையாது என்பதால் சனிக்கிழமை சேர்த்துப் பிடித்துவைத்தார்கள். மின்சார வாரியத்து ஆள் வந்து டெஸ்டரை வைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி, வீட்டுக்காரிக்கு ரசம் வைக்க ஒரு கேன் கேட்டு வாங்கிப் போனார். சுகாதாரத்துறைக்காரர் பாட்டிலில் எடுத்துப் போய், குடிக்கலாம் என்று சொல்லியனுப்பினார், எங்கிருந்து வருகிறது என்று அவரும் கேட்கவில்லை இவர்களும் சொல்லவில்லை. துவரம்பருப்பு முதல் முறையாகக் கூரான்குடியில் குழைந்து வெந்தது. பெண்களின் தலைமுடி சிக்கில்லாமல் வழுக்கியது. தள்ளுவண்டிகளில் பூசணிக்கொடி ஏறியது.

தெற்குத் தெருவில் ஒரு சின்னப் பிள்ளை டிவியின் முன்னால் நின்று, "அழாத அக்கா, அழாத" என்று சொன்னதில், நீலமாலினி அந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்து லேசாகச் சிரித்தாளாம், அந்த வீட்டில் மட்டும் அன்றைக்குக் குடம் பாதியோடு நின்றுபோனது. விஷயம் சாவடிக்கு வந்தது. அவளுக்குக் காது கேட்கிறது என்பது தெரிந்ததும், இனி யாரும் டிவியின் முன்னால் ஆறுதலாக ஒரு சொல் சொல்லக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். கருப்பையா மாமா அதோடு நிற்கவில்லை. ஆறுதல் சொன்னால் தண்ணீர் குறைகிறதென்றால் வைதால் கூட வேண்டும் அல்லவா என்று, அன்று மாலையே சாவடி டிவியின் முன்னால் போய் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏண்டி, கூடப் பொறந்தவளக் காவு குடுத்துட்டு ஒனக்கு நகை ஒரு கேடா? கொன்னவ நீதான்டி! ஒழுங்கா நின்னு காவல் காத்திருந்தா அந்தப் புள்ள செத்திருக்குமா?"

நீலமாலினி குலுங்கிக் குலுங்கி அழுதாள். குடம் கண்மூடித் திறப்பதற்குள் நிறைந்தது.

அன்றையிலிருந்து ஊரே சாவடியில் கூடியது. ஊற்றங்கரையில் வைத்தது போலவே சாவடியிலும் குடங்களை வரிசையாக வைத்தார்கள், முறை வந்தவள் எழுந்துபோய் ஒரு வசவு வைதுவிட்டுத் தன் குடத்தை அடியில் வைத்தாள். "அடுத்து கருப்பையா மாமா வையிற நேரம், அண்டாவ வைங்கடி!" என்று பஞ்சவர்ணம் கத்த, எல்லோரும் சிரிப்பார்கள். முத்திருளாயியும் சிரித்தாள். அன்னத்துக்கு ஏது கை என்பது அவள் நாக்கின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தது. சொன்னால் அழுகை நின்றுவிடும், அழுகை நின்றால் தண்ணீர் நின்றுவிடும், தண்ணீர் நின்றால் ஊர் தன்னைத்தான் வையும் என்று நினைத்து நினைத்து, வெற்றிலையைப் போட்டு வாயை அடைத்துக்கொண்டாள்.

தவமணி கடைசி வரிசையில் தூணை ஒட்டி உட்காருவாள். முத்திருளாயிக்குப் பக்கத்து வீடு, முறைக்குக் கொழுந்தியாள், கல்யாணம் ஆகவில்லை. சின்ன வயதில் அவளும் அவள் தங்கை பூச்செண்டும் ஊற்றுக்குப் போனார்கள். தங்கை குழிக்குள் இறங்கி வழித்துக்கொண்டிருக்க, கரையில் நின்று பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த தவமணி பனை நிழலுக்குப் போய்விட்டாள், கரை சரிந்தது, மணல் மூடியது. தவமணியை யாரும் கூப்பிட்டு வைத்து ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அவளைப் பெண் கேட்டு வந்தபோதெல்லாம், கரையில் நின்றிருந்தால் அந்தப் பிள்ளை பிழைத்திருக்கும் என்கிற பேச்சும் கூடவே வந்தது, வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

சித்திரையில் சாவடித் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. எல்லாக் குடமும் இல்லை, சில குடம் மட்டும். எந்தக் குடம் என்று பார்த்துப் பார்த்து, தவமணி எந்தக் குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாளோ அந்தக் குடம்தான் என்று கண்டுபிடித்தார்கள். அவளை வெளியே படியில் உட்காரச் சொன்னார்கள். அவளும் மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள். முத்திருளாயி திரும்பிப் பார்த்தாள். உள்ளே கருப்பையா மாமா, "கொன்னவ நீதான்டி" என்று சத்தம்போட, டிவிக்குள் நீலமாலினி அழ, வெளியே படியில் தவமணியின் உதடு அசைந்தது. ஆமா, நான்தான். ஆமா, நான்தான்.

அந்த உதட்டைப் பார்த்த பிறகு முத்திருளாயிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் பொழுது இறங்குகிற நேரம், தவமணி வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. எங்கே போனாள் என்று யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் குடம் வைக்கப் போயிருந்தார்கள். முத்திருளாயி கருவேலங்காட்டு வழியாக முள்ளில் சேலை கிழிய ஓடினாள். ஆளரவமில்லாத ஆற்றில், பாதி தூர்ந்துபோன ஊற்றுக்குழியின் விளிம்பில், ஒரு காவல்காரியைப் போல நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள் தவமணி.

"ஏண்டி, இங்க ஏண்டி வந்து நிக்கிற? தள்ளி வாடி இங்கிட்டு!"

"அன்னைக்கு நிக்கல்ல மதினி," என்றாள் தவமணி, திரும்பாமலே. "அதான் இன்னைக்கு நிக்கிறேன்."

முத்திருளாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள், இரண்டு பேரும் மணலில் விழுந்தார்கள். அவர்கள் விழுந்ததும், தவமணி நின்றிருந்த விளிம்பு பொத்தென்று குழிக்குள் சரிந்தது. முத்திருளாயி அந்தச் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவியில் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் கண்ணில் பட்டபோது தலைக்குள் என்ன நடந்ததோ அதுவே நடந்தது.

"எந்திரி," என்றாள். "சாவடிக்கு வா. எனக்குச் சொல்லத் தெரியுதோ தெரியல்ல. வா."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கருப்பையா மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். தவமணி வெளியே படியில் உட்கார்ந்துகொள்ள, முத்திருளாயி வரிசையாக இருந்த குடங்களுக்கு நடுவே நடந்துபோய், டிவிக்கும் அவருக்கும் இடையில் நின்றாள். வெற்றிலையைத் துப்பக்கூட மறந்துபோய் விழுங்கிவிட்டாள்.

"ஏம்மா நீலமாலினி," என்றாள். "அந்த வாசலு தொறந்தது எப்ப?"

நீலமாலினி அழுவதை நிறுத்தாமலே, "நள்ளிரவில்" என்றாள்.

"பொழுது சாஞ்சா நீ அன்னம்தான?"

"ஆம்."

"அப்ப அன்னத்துக்கு ஏது கை?"

சாவடியில் சத்தம் கிளம்பியது. "ஏ இருளாயி, நாளைக்கு ஒலை வைக்கணும், ஒக்காருடி!" என்றாள் ஒருத்தி. "அவளுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சு" என்றாள் இன்னொருத்தி.

"மூக்கால தொறந்திருப்பா!" என்று பஞ்சவர்ணம் எழுந்தாள். "அன்னப்பறவை பாலையே தண்ணியவிட்டுப் பிரிக்குது, தாழ்ப்பாளைத் தூக்காதா?"

"நாலு ஆம்பளைங்க தோள்குடுத்துத் தூக்குற இரும்பு. மொத வாரத்துலயே காட்டுனான், நீதான் என்கிட்டச் சொன்ன, அப்பா எம்புட்டுப் பெரிய தாழ்ப்பாள்னு. சாவி யாரு இடுப்புல கெடந்துச்சு? மந்திரி இடுப்புல. மறுநாள் மந்திரி எங்க? ஆளக் காணோம். ஒருத்தனாச்சும் மந்திரி எங்கன்னு கேட்டானா? இவ அழுதா, இவ தலையிலயே போட்டுட்டீக."

பஞ்சவர்ணம் உட்கார்ந்துவிட்டாள். டிவிக்குள் நீலமாலினி தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, புதிதாகப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

முத்திருளாயி ஊர்ப்பக்கம் திரும்பினாள். இனிமேல் சொல்வதுதான் அவளுக்குப் பயம்.

"இன்னொண்ணு கேக்கணும். கருப்பையா மாமா, நீங்கதான் சொல்லணும். ஊத்துக்கரையில ஆளு நிக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டது யாரு?"

"நான்தான் முன்னால நின்னு போட்டேன்," என்றார் அவர். "அதுக்கென்ன இப்ப?"

"எப்ப போட்டீக?"

"பூச்செண்டு செத்த வாரம்," என்றார்.

"ஏன் போட்டீக?"

"ஆளு நின்னா கனத்துல கரை சரியும்ல. அதான்."

"சரியும்ல," என்றாள் முத்திருளாயி. "அப்ப அன்னைக்குத் தவமணி அங்க நின்னிருந்தா? இன்னும் வெரசால்ல சரிஞ்சிருக்கும், ரெண்டு புள்ளையுமில்ல போயிருக்கும்? நிக்காதன்னு கட்டுப்பாடு போட்ட அதே வாயால, நிக்காமப் போனவதான் கொன்னான்னு இத்தனை வருசமாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம். நானும்தான் சொல்லியிருக்கேன். இது எந்த ஊருக் கதை மாமா? டிவிக்காரன் எழுதுனாக்கூட ஒரு வாரத்துல கண்டுபுடிச்சிருப்பேன்."

கருப்பையா மாமா மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துக் கீழே விட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசற்படிக்குப் போய், "ஏ தவமணி, உள்ள வந்து ஒக்காரு தாயி, பனி எறங்குது" என்றார். சித்திரை மாதத்தில் பனி எங்கே இறங்குகிறது என்று முத்திருளாயியும் கேட்கவில்லை.

தவமணி உள்ளே வந்து உட்கார்ந்தாள். டிவியில் நீலமாலினி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கடைசியாக ஒரு சொட்டு கீழ்விளிம்பில் வெகுநேரம் தொங்கி, பஞ்சவர்ணத்தின் குடத்தில் விழுந்தது. அதோடு சரி.

மற்ற ஊர்களில் நீலமாலினி கடைசி வரை அழுதுகொண்டுதான் இருந்தாளாம். கூரான்குடி டிவிகளில் மட்டும், அழ வேண்டிய இடம் வந்தால் அவள் பேசாமல் உட்கார்ந்து ஒரு மாதுளம்பழத்தை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள், பின்னால் சோகப் பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஊர் பூசணிக்கொடியை விலக்கித் தள்ளுவண்டிகளை வெளியே எடுத்தது. துவரம்பருப்பு பழையபடி விறைத்துக்கொண்டது. முத்திருளாயியை யாரும் அடிக்கவில்லை, முகத்துக்கு நேரே வையவும் இல்லை. ஆனால் ஊற்றங்கரையில் அவள் குடத்தைத் தொட்டாற்போல் யாரும் குடம் வைப்பதில்லை, அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். அந்த இடைவெளியில் தவமணி தன் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். குழிக்குள் முத்திருளாயி இறங்கினால், தவமணி பனை நிழலில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்து, "மெதுவா வழிங்க மதினி, நான் இங்கதான் இருக்கேன்" என்று சத்தமாகச் சொல்வாள்.

அதற்குள் அதே ஏழரை மணிக்குப் புதுத் தொடர் வந்தது. அதில் ஒரு மலைநாட்டு ராணி, தான் விளக்கை அணைத்ததால்தான் மகன் வழிதவறி மாண்டான் என்று அழ ஆரம்பித்தாள். சாவடி டிவியின் கீழ்விளிம்பில் ஒரு சொட்டு திரண்டது. ஊர் டிவியைப் பார்க்கவில்லை, முத்திருளாயியைப் பார்த்தது. அவளோ அந்த விளக்கில் முந்தின நாளே எண்ணெய் தீர்ந்துபோனதைப் பார்த்துவைத்திருந்தாள்.

"ஒனக்குக் கோடிப் புண்ணியம்டி," என்று பஞ்சவர்ணம் கையெடுத்துக் கும்பிட்டாள். "இதுல ஒண்ணும் இல்லேன்னு சொல்லு."

முத்திருளாயி வீட்டுக்குப் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள், இரண்டு கன்னமும் உப்பும்படி வாய் நிறைய ஊற்றிக்கொண்டாள், டிவிக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தாள். முதல் நாள் அந்தக் கோலத்தைப் பார்த்துத் தவமணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியாமல் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். முத்திருளாயி சிரிக்கவில்லை, சிரித்தால் தண்ணீர் போய்விடும்.

அன்றையிலிருந்து தினமும் அப்படித்தான். ராணிக்கு வசவு கிடையாது, அது சாவடியில் பேசி முடிவான விஷயம். அவள் தன்பாட்டுக்கு அழுகிறாள், குடங்கள் மெதுவாக நிறைகின்றன, விளம்பரத்தில் மாற்றிவைக்கிறார்கள். முத்திருளாயி வாயில் தண்ணீரோடு வரிசை வரிசையாக ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே வருவாள். கதை என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது, அவள் பார்ப்பது உதடுகளை மட்டும்தான். உள்ளே ராணி "நான்தான் அணைத்தேன்" என்று சொல்லும்போது இந்தப் பக்கம் ஒரு உதடு கூடவே அசைந்தால், அந்த நிமிடமே தண்ணீரை விழுங்கிவிட்டு எழுந்து எண்ணெய் தீர்ந்ததைச் சொல்லிவிடுவாள். தொடர் முடிந்ததும் கொல்லைக்குப் போய், வாயிலிருப்பதை முருங்கை மரத்தடியில் உமிழ்ந்துவிட்டு வந்து படுப்பாள். இதுவரை விழுங்க வேண்டி வரவில்லை.